பருவமும் பக்குவமும்: அம்பத்தூர் – ஆவடித் தொழில் வரலாறு உணர்த்தும் பாடம்

மனிதன் எப்போது பெரியவனாகிறான்? இக்கேள்விக்கு உடல் ஒரு விடை தருகிறது. அரசின் சட்டம் ஒரு விடை தருகிறது. அவன் வாழும் ஊர் பிறிதொரு விடை தருகிறது. சென்னைக்கு மேற்கேயுள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இம்மூன்றாம் விடையை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் தொழிற்சாலையின் வாயில்தான் சொல்லி வந்தது. பையனுக்கு எங்கே வேலை என்று பெண் வீட்டார் கேட்பார்கள். கம்பெனியின் பெயரைச் சொன்னதும், வேலை நிரந்தரமா என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். நிரந்தரம் என்ற ஒரு சொல்லில் வீட்டு வாடகை, மளிகைக் கணக்கு, பெற்றோரின் மருத்துவச் செலவு, திருமணத் தேதி ஆகிய அனைத்தும் அடங்கியிருந்தன.

அந்த வாயில் இன்று அவ்விடையை எளிதில் சொல்வதில்லை. இருபத்தெட்டு வயதிலும் முப்பது வயதிலும் பயிற்சியாளர் என்றும் ஒப்பந்தத் தொழிலாளர் என்றும் அடையாள அட்டை அணிந்து செல்லும் இளைஞர்களை இவ்வூர்களில் நாள்தோறும் காண்கிறோம். பெற்றோர் இவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்கின்றனர். ஜமாஅத்துப் பெரியவர்கள் பக்குவம் போதாது என்கின்றனர். இக்குறை எங்கிருந்து வந்தது, இதில் யார் பங்கு எவ்வளவு என்பதை நம் ஃபிக்ஹு நூல்களின் துணையோடும் இவ்வட்டாரத்தின் தொழில் வரலாற்றின் துணையோடும் ஆராய்வது பயனுடையது.

இரண்டு வாயில்கள்

பருவமடைதலை அரபு மொழியில் புலூக் என்பர். பக்குவமடைதலுக்கு ருஷ்து என்று பெயர். இவ்விரண்டும் வெவ்வேறு வாயில்கள் என்பதைத் திருக்குர்ஆன் (4:6) தெளிவாக்குகிறது. அநாதைகள் மணப்பருவத்தை எய்தும்வரை அவர்களைச் சோதித்து வருமாறு பொறுப்பாளர்களுக்கு அவ்வசனம் கட்டளையிடுகிறது. அவர்களிடம் ருஷ்தைக் கண்டுகொண்டால் அவர்களது சொத்தை அவர்களிடமே ஒப்படைக்குமாறு கூறுகிறது. பிள்ளைகள் வளர்ந்துவிடப் போகிறார்களே என்று அவசர அவசரமாக அச்சொத்தை உண்பதைத் தடுக்கிறது. ஒப்படைக்கும்போது சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறும் பணிக்கிறது. கட்டளைகள் யாவும் பெரியவர்களை நோக்கியே இருப்பது ஈண்டு கவனிக்கத்தக்கது. பக்குவப்படு என்று பிள்ளைக்குச் சொல்லும் முன், அவனைச் சோதித்துப் பார், கண்டுகொள், கொடுத்துவிடு என்று பொறுப்பாளருக்கே இறைவன் சொல்கிறான்.

புலூக் எனும் முதல் வாயிலுக்கு வயது வரம்பு ஒன்றும் தேவைப்பட்டது. அப்துல்லாஹ் பின் உமர் (ரலி) அவர்கள் பதினான்கு வயதில் உஹதுப் போருக்குச் செல்ல அனுமதி பெறவில்லை. அகழ்ப் போரின்போது பதினைந்து வயதில் அனுமதி பெற்றார்கள். பிற்காலத்தில் இச்செய்தியை நாஃபிஉ (ரஹ்) அவர்களிடமிருந்து கேட்ட கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ், ஆட்சிக்காலம் கி.பி. 717–720), சிறியவருக்கும் பெரியவருக்கும் இடையிலான எல்லை இதுவே எனக் கொண்டார்கள், பதினைந்தை எட்டியவர்களுக்கு அரசுப் பதிவேட்டில் உதவித்தொகை வகுக்குமாறு ஆளுநர்களுக்கு எழுதினார்கள். ஒருவனைப் பெரியவன் என்று சொன்ன மாத்திரத்தில் அவனுக்குரிய பங்கையும் எழுதிவைத்த நிர்வாக முறையை இங்குக் காண்கிறோம். பெயர் ஒரு நாளிலும் பங்கு பத்தாண்டு கழித்தும் வரவில்லை.

ருஷ்து எனும் இரண்டாம் வாயில் குறித்துச் சட்டமேதைகளிடையே நுட்பமான கருத்து வேறுபாடு உண்டு. மார்க்கத்திலும் செல்வத்தை ஆள்வதிலும் சீர்மை பெறுவதே ருஷ்து என்பது ஷாஃபிஈ மத்ஹபின் முடிவு; அதைக் காணும்வரை சொத்தை ஒப்படைத்தல் இல்லை. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களோ இருபத்தைந்து வயதில் ஓர் எல்லை கட்டினார்கள். ருஷ்து தென்படாவிட்டாலும் அவ்வயதில் சொத்து அவன் கைக்குச் சென்றுவிட வேண்டும். அந்த வயதில் ஒருவன் பாட்டனாகவும் ஆகிவிட முடியுமே என்பது அன்னாரின் வாதம். அறிவுள்ள ஒரு பெரியவனின் அதிகாரத்தைப் பறிப்பது அவனது மனிதத் தன்மையையே வீணாக்குவதாகும், பணம் விரயமாவதைவிட அது பெரிய தீங்கு என்று ஹனஃபி நூலான அல்ஹிதாயாவில் இமாம் மர்கீனானீ (ரஹ், மறைவு ஹிஜ்ரி 593 / கி.பி. 1197) இதற்கு விளக்கம் தருகிறார்கள். இமாம் அபூ யூசுஃபும் இமாம் முஹம்மதும் (ரஹ்) தம் ஆசிரியரின் இக்கருத்தை ஏற்கவில்லை. ஆயினும் மனிதனைக் காலமெல்லாம் சிறுவனாகவே வைத்திருப்பது அவனைச் சிறுமைப்படுத்துவது என்ற உணர்வு, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு சட்டமேதையின் உள்ளத்தை உறுத்தியிருக்கிறது.

ருஷ்தை எவ்வாறு சோதிப்பது? நம் அரபுக் கல்லூரிகளில் ஓதப்படும் மின்ஹாஜில் இமாம் நவவீ (ரஹ்; மறைவு ஹிஜ்ரி 676 / கி.பி. 1277) இதற்குத் தரும் விடை நடைமுறை சார்ந்தது. வணிகரின் மகனைக் கொடுக்கல் வாங்கலிலும் பேரம் பேசுவதிலும் சோதிக்க வேண்டும்; உழவரின் மகனைப் பயிர்த்தொழிலிலும் அதில் வேலை செய்வோருக்குச் செலவிடுவதிலும் சோதிக்க வேண்டும்; கைத்தொழிலாளியை அவரது தொழிலைச் சார்ந்தவற்றில் சோதிக்க வேண்டும்; பெண்ணை நூற்றல், பருத்தி, உணவுப் பொருளைப் பூனை முதலியவற்றிடமிருந்து காத்தல் ஆகியவற்றில் சோதிக்க வேண்டும். ஒருமுறை போதாது, இருமுறையோ அதற்கு மேலோ சோதனை திரும்ப நிகழ வேண்டும். சோதனைக் காலம் பருவமடைவதற்கு முந்தியது என்பதே வலுவான கருத்து. அதனால் பையன் பேரம் பேசி முடித்ததும், ஒப்பந்தத்தைப் பொறுப்பாளரே செய்து வைப்பார்.

இதிலிருந்து மூன்று உண்மைகள் புலப்படுகின்றன. பக்குவம் வேலையில்தான் வெளிப்படும். எனவே வேலையைக் கையில் கொடுத்தாக வேண்டும். ஒவ்வொருவரையும் அவரவர் தொழிலுக்கேற்பவே மதிப்பிட வேண்டும். எல்லோருக்கும் ஒரே அளவுகோல் ஆகாது. சோதனைக்கு ஒரு முடிவும் இருக்க வேண்டும். முடிவில் ஒப்படைப்பும் சாட்சியும் வேண்டும். இம்மூன்றையும் மனத்திற்கொண்டு நம் காலத்தின் சட்டத்தையும் இவ்வட்டாரத்தின் வரலாற்றையும் நோக்குவோம்.

சட்டம் நகர்த்திய எல்லை

பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. ஏழு வயது நிரம்பாதவரை ஆலையில் அமர்த்தக்கூடாது என்றும், ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையிலானோரின் வேலை ஒன்பது மணி நேரத்துக்கு மேற்படக்கூடாது என்றும் அச்சட்டம் விதித்தது. பன்னிரண்டு வயதைக் கடந்தவன் ஆலைக் கணக்கில் பெரியவனானான். அவனது வேலை நேரத்துக்கு வரம்பே இல்லை. 1891இல் குழந்தைக்கான எல்லை ஒன்பது முதல் பதினான்கு என்றாயிற்று. 1922இல் பன்னிரண்டு முதல் பதினைந்து என்றாயிற்று. 1922இல்தான் பெரியவர்களின் வேலை நேரம் வாரத்துக்கு 60 மணி எனப் பொதுவாக வரையறுக்கப்பட்டது. 1934இல் அது 54 மணியாகக் குறைந்தது. சுதந்திரத்துக்குப் பின் இயற்றப்பட்ட 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 18 வயது நிரம்பியவரையே பெரியவர் என்றது; வாரத்துக்கு 48 மணி, நாளொன்றுக்கு ஒன்பது மணி என்று எல்லை வகுத்தது.

இவ்வரலாற்றில் ஒரு முரண்பாடு உண்டு. சொத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் உரிய வயது 18 என்று 1875ஆம் ஆண்டு வயதுவரம்புச் சட்டம் முன்பே கூறியிருந்தது. ஆக, 1881இல் பதின்மூன்று வயதுச் சிறுவன் உழைப்பதற்குப் பெரியவனாகவும் உடைமைக்குச் சிறியவனாகவும் இருந்தான். ஒருவனது உழைப்பைப் பெற்றுக்கொள்ளும்போது ஒரு வயதும், உரிமையை வழங்கும்போது வேறொரு வயதும் கணக்கிடப்படும் இவ்வழக்கம் ஆலைத் தொழிலோடு உடன்பிறந்தது. வயது வரம்பு உயர உயர இம்முரண்பாடு சட்டத்தின் எழுத்திலிருந்து மறைந்தது. வேலையின் பெயர்களில் அது மீண்டும் தலைகாட்டியதைப் பின்னர்க் காண்போம்.

ஏரியூர்கள் தொழிலூர்களான கதை

இவ்வட்டாரத்தில் மிகப் பழமையான பேரூர் பூந்தமல்லி. பதினேழாம் நூற்றாண்டில் கோல்கொண்டாவின் குதுப் ஷாஹி சுல்தான்களது ஆளுகையில் இப்பகுதி இருந்தபோது எழுந்த பள்ளிவாசல் அவ்வூரின் இஸ்லாமியத் தொன்மைக்குச் சான்று. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து இப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்றது. அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி முதலியவை ஏரிப் பாசனத்தை நம்பிய சிற்றூர்களாகவே நெடுங்காலம் இருந்தன. அங்கெல்லாம் பிள்ளை பெரியவனாவது தந்தையின் ஏரைப் பிடிக்கும் நாளில்தான். நவவீ (ரஹ்) கூறிய உழவர் மகனின் சோதனை அங்கே எழுதப்படாத வழக்கமாக இருந்தது.

1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இவ்வழியே ஓடியது. மேற்கேயிருந்து ஆட்களைப் பட்டணத்து ஆலைகளுக்குக் கொண்டுவர அப்பாதை உதவிற்று. பெரம்பூரில் ரயில்வே பணிமனையும், 1876இல் பக்கிங்ஹாம் ஆலையும், 1881இல் கர்நாடிக் ஆலையும் தோன்றின. அவ்விரு ஆலைகளின் தொழிலாளரை மையமாகக் கொண்டு 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பி.பி. வாடியா அதன் தலைவரானார், திரு.வி.க. அதன் தூண்களுள் ஒருவராக நின்றார். உணவு இடைவேளை போதாமையும் மேலாளர்களின் வசவும் அன்று எழுந்த முறையீடுகளில் முக்கியமானவை. கூலி உயர்வைக் கேட்டதைப் போலவே, தம்மைப் பெரிய மனிதர்களாக நடத்துமாறும் அத்தொழிலாளர் கேட்டனர்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆவடி இராணுவக் கிடங்குப் பகுதியாயிற்று. 1955 ஜனவரியில் யு.என். தேபர் தலைமையில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச மாதிரியான சமுதாயம் என்ற இலக்கை ஏற்றது. காமராஜர் முதலமைச்சராக இருந்த காலம் அது. அவ்வாண்டு அக்டோபரில் பெரம்பூரில் இணைப்பு ரயில்பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்து வைத்தார். அம்பத்தூரில் 1949இல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் ஏற்கனவே இயங்கிக்கொண்டிருந்தது. 1959இல் டன்லப் டயர் ஆலை வந்தது. பாடியில் 1960இல் வீல்ஸ் இந்தியா, 1961இல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962இல் சுந்தரம் கிளேட்டன், பிரேக்ஸ் இந்தியா என அடுத்தடுத்து நிறுவனங்கள் எழுந்தன. ஆவடியில் படையினருக்கான உடைத் தொழிற்சாலையும் கனரக வாகனத் தொழிற்சாலையும் உருவாயின. 1965 டிசம்பரில் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. 1958இல் கிண்டியில் தொடங்கிய தொழிற்பேட்டை முயற்சி, அறுபதுகளின் நடுவில் அம்பத்தூரில் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் விரிந்தது. இன்றும் மக்கள் அதை எஸ்டேட் என்றே அழைக்கின்றனர்.

நிரந்தரம் என்னும் சொல்

இத்தொழிற்சாலைகள் பொருள்களை மட்டுமா உருவாக்கின? ஒரு புதிய வகைப் பெரியவனையும் உருவாக்கின. ஐ.டி.ஐ. முடித்த பையன் 1961ஆம் ஆண்டுப் பயிற்சியாளர் சட்டத்தின்படி அப்ரண்டிஸாகச் சேர்வான். மூத்த பிட்டரிடமோ டர்னரிடமோ நின்று கைப்பழக்கம் பெறுவான். அளவு பிசகினால் திட்டு விழும், திருத்திக் காட்டுவார்கள். பின்னர்த் தகுதிகாண் காலம். அதன்பின் கையெழுத்திட்ட நியமன ஆணை. வருங்கால வைப்புநிதிக் கணக்கும் இ.எஸ்.ஐ. அட்டையும் அவன் பெயரில் வரும். அம்முறையை வகுத்தவர்கள் நம் நூல்களைப் பார்த்து வகுக்கவில்லை. எனினும் அதன் வடிவம் நமக்குப் பழக்கமானது. தொழிலிலேயே சோதனை, திரும்பத் திரும்பச் சோதனை, அளவிட்ட காலம், முடிவில் எழுத்துச் சாட்சியோடு ஒப்படைப்பு.

அவ்வொப்படைப்பு மனித நடத்தையை மாற்றிற்று. மாதச் சம்பளம் தேதி தவறாமல் வரும் என்ற உறுதி இருந்ததால் சீட்டுக் கட்டினார்கள், மனை வாங்கினார்கள், தங்கைக்குத் திருமணம் பேசினார்கள், பிள்ளைகளை மேற்படிப்புக்கு அனுப்பினார்கள். வருங்காலம் கணக்கில் அடங்கியபோது மனிதனிடம் முன்யோசனை வளர்ந்தது. பக்குவம் வந்த பின்னரே நிரந்தரம் கிடைத்தது என்று கருதுவோர் உண்டு. நிரந்தரம் கிடைத்ததால் வளர்ந்த பக்குவமும் அதில் பாதி என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

அக்காலத்தைப் பொற்காலமாக வருணிப்பது நம் நோக்கமன்று. இரைச்சலும் விபத்தும் இரவுப் பணியும் அவ்வாழ்வின் பகுதிகள். அன்றும் வாயிலுக்கு வெளியே நின்ற தினக்கூலிகள் பலர். நிரந்தர வேலை பெற்ற பெண்கள் மிகச் சிலர். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970இல் தேவைப்பட்டதே அக்குறை பரவியிருந்தமைக்குச் சான்று. தமிழக அரசு 1981இல் ஒரு சட்டம் இயற்றி, 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி வழங்க வேண்டும் என்றது. சோதனைக்கு ஒரு முடிவு உண்டு என்பதை எண்ணிக்கையால் சொன்ன சட்டம் அது.

சங்கு ஓய்ந்த பின்

1996இல் பக்கிங்ஹாம் – கர்நாடிக் ஆலை மூடப்பட்டது. அம்பத்தூர் டன்லப் ஆலை பலமுறை மூடித் திறந்து, இறுதியில் ஓய்ந்துபோயிற்று. ஆவடியின் பாதுகாப்புத் தொழிற்சாலைகள் 2021 அக்டோபர் முதல் நாள் அரசுத் துறை என்ற நிலையிலிருந்து அரசு நிறுவனங்களாக மாற்றப்பட்டன. மறுபுறம், 2000க்குப் பின் எஸ்டேட்டில் தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் எழுந்தன. ஏற்றுமதி ஆடைக் கூடங்களில் பெண்கள் பெருந்தொகையினராக வேலைக்கு வந்தனர். அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியில் இணைந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியாயிற்று. 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. வேலை இல்லாமற் போகவில்லை. வேலையின் வடிவம் மாறியது.

மாறிய வடிவத்தில் சோதனைக் காலத்துக்கு முடிவு தெரிவதில்லை. நாள் கணக்கு நிறையுமுன் ஆளை நிறுத்திவிட்டுச் சில நாள் கழித்து வேறோர் ஒப்பந்தக்காரரின் கீழ்ச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் தொழில் வட்டாரங்களில் எல்லோரும் அறிந்தது. எந்திரம் அதே எந்திரம். கை அதே கை. பெயர் மட்டும் புதிய பயிற்சியாளர். 1881ஆம் ஆண்டின் முரண்பாடு இங்கே உருமாறி வந்திருக்கிறது. உழைப்பில் முழு மனிதனாகவும் உரிமையில் அரை மனிதனாகவும் ஒருவனை நிறுத்திவைக்கும் கலை அது. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடமளிக்கும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறிப் பலத்த எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்துள்ளது. குறித்தகால வேலையை அவை முறைப்படுத்துகின்றன; அவ்வாறு பணிபுரிவோருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உரிமையும் தருகின்றன.

அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், 18க்கும் 25க்கும் இடைப்பட்ட வயதை முகிழ்க்கும் முதிர்ச்சிப் பருவம் என்ற தனிப் பருவமாக வகுத்தார். இளைஞர் தம்மைத் தாமே தேடிக் கண்டறியும் காலம் அது என்பது அவரது விளக்கம். அதனை அப்படியே நம் ஊருக்குப் பொருத்துவது தவறாகும். எஸ்டேட்டின் ஒப்பந்தத் தொழிலாளி தன்னைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. அடுத்த மாதம் வேலை உண்டா என்ற தகவலைத்தான் தேடிக்கொண்டிருக்கிறான்.

கூலியாளின் இலக்கணம்

குறித்தகால வேலையே அநீதி என்று மார்க்கம் சொல்லவில்லை. மூஸா (அலை) அவர்களின் வரலாறு (28:26–28) அதற்குச் சான்று. மத்யனில் அடைக்கலம் தேடிவந்த அவர்களை, வலிமையும் நம்பகமும் உடையவர் என்று பரிந்துரைத்து வேலைக்கு அமர்த்திக்கொள்ளுமாறு முதியவரின் மகள் கூறுகிறார். எட்டு ஆண்டு வேலை. பத்தாக நிறைவு செய்தால் அது அவர்களது விருப்பம். உமக்குச் சிரமம் தர நான் நாடவில்லை என்று முதியவர் உறுதி கூறுகிறார். இரு தவணைகளில் எதை நிறைவேற்றினாலும் தம்மீது அத்துமீறல் கூடாது என்று மூஸா (அலை) கேட்டுக்கொள்ள, அல்லாஹ்வே சாட்சியாகிறான். அவ்வொப்பந்தத்தினூடே திருமணமும் முடிகிறது. காலம் குறித்த வேலைதான். எனினும் தவணை தெளிவு, கைம்மாறு தெளிவு, குடும்ப வாழ்வு ஒத்திப்போடப்படவில்லை. ஆகவே, அநீதி தவணையில் இல்லை. தவணையை மறைப்பதிலும் நிரந்தரமான வேலையைத் தற்காலிகம் என்று பெயரிட்டு நீட்டுவதிலும் அது இருக்கிறது. ஒப்பந்தத்தில் இத்தகைய தெளிவின்மையை நம் நூல்கள் கரர் என்று பெயரிட்டுத் தடுக்கின்றன.

இமாம் முஹம்மது பின் ஹஸன் அஷ்ஷைபானீ (ரஹ், மறைவு ஹிஜ்ரி 189 / கி.பி. 805) பொருளீட்டலைப் பற்றியே தனி நூல் செய்தார்கள். கூலிக்கு உழைத்தல், வணிகம், வேளாண்மை, கைத்தொழில் என ஈட்டும் வழிகளை அந்நூல் நான்காக வகுக்கிறது. கூலி உழைப்பு அங்கே இழிவாகக் கருதப்படவில்லை. நபி (ஸல்) அவர்களும் மக்காவாசிகளுக்காகச் சிறு கூலிக்கு ஆடு மேய்த்ததை ஸஹீஹுல் புகாரி பதிவு செய்கிறது.

கூலியாளைச் சட்டமேதைகள் இருவகையாகப் பிரித்தனர். நேரத்தை ஒப்படைப்பவர் அஜீர் காஸ். குறிப்பிட்ட பணியை முடித்துத் தருபவர் அஜீர் முஷ்தரக். முன்னவர் வேலைக்கு ஆயத்தமாக வந்து நின்றாலே கூலிக்கு உரியவராகிறார். அன்று வேலை கொடுக்கப்படாவிட்டாலும் கூலி உண்டு. பின்னவர் வேலையை முடித்தே கூலி பெறுகிறார். ஆனால் தம் நேரத்துக்குத் தாமே உரிமையாளர், பலருக்கும் பணிசெய்யும் சுதந்திரம் உடையவர். 1869 முதல் 1876 வரை உதுமானியப் பேரரசில் தொகுக்கப்பட்ட மஜல்லாவும் இப்பிரிவினையை உறுதி செய்தது. நாள் கூலிக்கு அமர்ந்தவரின் கடமையான தொழுகை, அதற்கான தூய்மை, உணவு ஆகியவற்றுக்கான நேரம் ஒப்பந்தத்திலிருந்து தாமாகவே விலக்குப் பெற்றவை. அதற்காகக் கூலியைக் குறைக்கலாகாது என்று ஷாஃபிஈ நூல்கள் விளக்குகின்றன.

இவ்விலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, செல்பேசிச் செயலி வழியாக உணவு கொண்டுசெல்லும் இளைஞரை நோக்குவோம். கூலி கொடுக்கும்போது அவர் அஜீர் முஷ்தரக் ஆகிறார். கொண்டுசேர்த்த பொட்டலத்துக்கு மட்டுமே பணம், கடை வாயிலில் காத்து நின்ற நேரத்துக்கு இல்லை. கட்டுப்படுத்தும்போது அவர் அஜீர் காஸ் ஆகிவிடுகிறார்; எப்போது இணைய வேண்டும், எவ்வளவு விரைவாகச் செல்ல வேண்டும் என்பதையெல்லாம் செயலியே ஆட்டிவைக்கிறது. இருவகையிலும் சுமையை ஏற்று, இருவகையிலும் உரிமையை இழப்பவர் அவர். தமிழக அரசு 2023இல் இத்தகையோருக்கென நல வாரியம் அமைத்தது நல்ல தொடக்கம். எனினும் வேலையின் இலக்கணமே இங்குச் சீர்செய்யப்பட வேண்டியிருக்கிறது.

வேலை மனிதனை வார்க்கும் விதம்

இளைஞரிடம் ஈடுபாடு இல்லை, சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள், பொய்க் காரணம் சொல்கிறார்கள் என்று மேற்பார்வையாளர் குறைகூறுவது வழக்கம். இப்னு கல்தூன் (கி.பி. 1332–1406) தம் முகத்திமாவில் இதன் வேரைக் காட்டுகிறார். அடக்குமுறையிலும் கடுமையிலும் வளர்க்கப்பட்டவர் மாணவராயினும் அடிமையாயினும் பணியாளராயினும் அவரது உள்ளம் சுருங்கிவிடும், ஊக்கம் குன்றும், அடிக்கு அஞ்சிப் பொய்யும் ஏமாற்றும் பழகுவார், நாளடைவில் அதுவே அவர் இயல்பாகிவிடும் என்கிறார். அதே நூலில் கைத்தொழில் பற்றிக் கூறும்போது, ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதால் உள்ளத்தில் ஊன்றும் திறனை மலகா என்று குறிப்பிடுகிறார். தொழில்கள் மனிதனுக்கு அறிவையே கூட்டுகின்றன என்கிறார். ஆறு மாதத்துக்கொரு முறை இடமும் வேலையும் மாற்றப்படுபவனிடம் எந்த மலகா ஊன்றும்? நாளைக்கு இருப்போமா என்று தெரியாத இடத்தை எவன் தனதென்று பேணுவான்? பொறுப்பைக் கொடுக்காத இடத்தில் பொறுப்பின்மையைக் குறைசொல்வது, நீர் பாய்ச்சாமல் விளைச்சலைக் கேட்பதாகும்.

பெண்களின் நிலையையும் இங்கு எண்ணிப்பார்க்க வேண்டும். நூற்றலிலும் பருத்தியிலும் பெண்ணைச் சோதிக்கச் சொன்ன நவவீ (ரஹ்) அவர்களின் கூற்றைச் சிலர் வீட்டு வேலைக்கான இலக்கணமாக மட்டும் கருதுவர். அச்சோதனையின் நோக்கம் சொத்தை அவள் கையில் ஒப்படைப்பது என்பதை மறந்துவிடலாகாது. எஸ்டேட்டின் ஆடைக் கூடத்தில் நாள் முழுதும் தையல் எந்திரத்தின்முன் அமர்ந்திருக்கும் பெண் நூலிலும் துணியிலும் அன்றாடம் சோதிக்கப்படுகிறாள், வெற்றியும் பெறுகிறாள். ஆயினும் அவள் ஊதியம் அவள் கைக்கு வராமல் கணக்கெல்லாம் வீட்டு ஆண்களிடமே தங்கிவிடுமானால், அவளுக்கு ருஷ்து உண்டு என்று கண்டுகொண்ட பின்னும் ஒப்படைக்க மறுக்கும் பொறுப்பாளர்களாகவே நாம் ஆகிறோம்.

நம் பங்கு

நிறுவனங்களையும் அரசையும் நோக்கிக் கைநீட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. நம் பள்ளிவாசல்களையும் மதரஸாக்களையும் எண்ணிப்பார்ப்போம். இமாமுக்கும் முஅத்தினுக்கும் எழுத்து ஒப்பந்தம் தந்த மஹல்லாக்கள் எத்தனை? தவணை இன்னது, ஊதியம் இன்னது, விடுப்பு இன்னது என்று வரையறுத்த நிர்வாகங்கள் எத்தனை? வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபிமொழியை மிம்பரில் ஓதுபவரின் கூலியே மாதம் தள்ளி வருமாயின், அந்த நபிமொழி யாருக்கு? வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் இறைவனே வழக்காடுவான் என்ற எச்சரிக்கை ஜமாஅத்துத் தலைவர்களுக்கும் உரியதே. நம் கடைகளில் பத்தாண்டுகளாக வேலை செய்தும் பையன் என்றே அழைக்கப்படும் முப்பது வயதினர் உண்டல்லவா? அவர்களுக்குக் கல்லாப் பெட்டியின் சாவியும் ஒரு முறையான ஊதியக் கணக்கும் தருவது, எந்தச் சட்டத்துக்கும் காத்திராமல் நாமே செய்யத்தக்கது.

நபி (ஸல்) அவர்கள் தம் இறுதி நாள்களில் உசாமா பின் ஸைது (ரலி) அவர்களைப் படைத்தலைவராக நியமித்தார்கள். உசாமாவுக்கு இருபது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. அப்படையில் மூத்த தோழர்களும் இருந்தனர். சிலர் குறைகூறினர். முன்பு இவருடைய தந்தையின் தலைமையையும் நீங்கள் குறைகூறினீர்கள். அவர் தலைமைக்குத் தகுதியுடையவராகவே இருந்தார், இவரும் அவ்வாறே என்று நபி (ஸல்) அவர்கள் பதிலுரைத்தார்கள். நபிகளாருக்குப் பின் கலீஃபாவான அபூபக்ர் (ரலி), அந்நியமனத்தை மாற்றுமாறு கேட்டவர்களுக்கு இணங்கவில்லை. படையை அனுப்பிவைத்து, தாம் நடந்து, வாகனத்தில் அமர்ந்திருந்த இளைஞர் உசாமாவை வழியனுப்பினார்கள். உமர் (ரலி) அவர்களைத் தம்மோடு மதீனாவில் தங்கவைத்துக்கொள்ள அந்த இளம் தலைவரிடமே அனுமதி கேட்டார்கள். நியமித்தது ஒரு பங்கு. நியமித்தவரைத் தலைவராகவே நடத்தியது மறு பங்கு.

இருபத்தைந்தைக் கடந்தவனின் உரிமையைத் தடுத்து வைப்பதற்கு இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) நாணினார்கள். அந்த நாணம் நம் தொழிற்கூடங்களுக்கும் கடைகளுக்கும் ஜமாஅத்துகளுக்கும் வர வேண்டும். அம்பத்தூரின் காலை ரயிலிலிருந்து இறங்கும் இளைஞர்களிடம் பக்குவம் இருக்கிறதா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அவர்கள் கையில் எதை ஒப்படைத்தோம், எந்தச் சாட்சியோடு ஒப்படைத்தோம் என்று நம்மைக் கேட்கும் உரிமை அவர்களுக்கும் உண்டு. அமானிதங்களை அவற்றுக்குரியவர்களிடம் ஒப்படைக்கும் மனத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக.